காலாட்படையா, மத்தியப் படையா, மாநிலக் காவலா: எதற்கு முதலில் விண்ணப்பிப்பது?

காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களிடம் எதற்குத் தயாராகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஏழெட்டுப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "ஆர்மி, எஸ்எஸ்சி ஜிடி, பிசி... எது கெடச்சாலும் போயிடுவேண்ணா." ஆர்வம் நல்லதுதான். ஆனால் ராணுவம், மத்திய ஆயுதப் படைகளுக்கு மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆள் எடுக்கும் எஸ்எஸ்சி ஜிடி, மாநிலக் காவலர் வேலையான பிசி ஆகிய இந்த மூன்றும் ஒரே வேலையின் மூன்று பெயர்கள் அல்ல. ஒன்றில் 4 ஆண்டு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள், மற்ற இரண்டிலும் 60 வயது வரை இருக்கலாம். ஒன்றுக்கு 166 செ.மீ. உயரம் போதும், மற்றவற்றில் பெரும்பாலோருக்கு 170 வேண்டும். ஒன்றின் வயது வரம்பு கல்லூரி முடிக்கும் முன்பே தீர்ந்துவிடும், இன்னொன்றில் 30-ஐ ஒட்டியும் எழுதலாம். இந்த வேறுபாடுகளைச் சரியாகப் புரிந்துகொண்டால் எதற்கு முதலில் விண்ணப்பிப்பது என்பது தானாகவே தெளிவாகும். புரியாமல் போனால் 22 வயதில் எல்லாக் கதவும் பாதி மூடியிருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலாட்படை வீரனாக வேண்டும் என்ற ஆசை உண்மையானது என்றால், 4 ஆண்டுப் பணிக்கு ராணுவம் ஆள் எடுக்கும் அக்னிவீர் தேர்வைத்தான் முதலில் எழுத வேண்டும். ஆனால் ஐந்தாவது ஆண்டில் என்ன செய்வது என்று சேருவதற்கு முன்பே தீர்மானித்தவர்கள் மட்டும்தான் அதில் சேர வேண்டும்.

தரைப்படையில் "காலாட்படை வீரர்" என்று தனியாக ஒரு விண்ணப்பம் கிடையாது. நீங்கள் விண்ணப்பிப்பது "அக்னிவீர் ஜெனரல் டியூட்டி" என்ற பிரிவுக்கு. ராணுவத்தில் ஜிடி என்று சொல்வது இதைத்தான். காலாட்படைக்கு ஆள் எடுப்பது இந்தப் பிரிவில் இருந்துதான் என்றாலும், இதே பிரிவில் தேர்வாகிறவர் பீரங்கிப் படைக்கோ வேறு படைப்பிரிவுக்கோ அனுப்பப்படலாம். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்நீத்து, பின்னர் வீர் சக்ரா பெற்ற ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி காலாட்படைக்காரர் அல்லர், பீரங்கிப் படையின் 81 ஃபீல்ட் ரெஜிமென்டைச் சேர்ந்தவர். எந்தப் படைப்பிரிவு என்பதை ராணுவம்தான் முடிவு செய்யும்.

தமிழ்நாட்டுப் பையன்கள் மனதில் காலாட்படை என்றாலே மெட்ராஸ் ரெஜிமென்ட்தான். 1758-ல் தொடங்கிய வரலாறு அதற்கு. இந்தியக் காலாட்படை ரெஜிமென்டுகளில் மிகப் பழையது, பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டன். "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற போர்முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த வீடுகள் வேலூர் பக்கம் நிறைய உண்டு. அங்கே கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்கு இந்த ஆசை ரத்தத்தில் வந்திருக்கும், அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அப்பா சேர்ந்த ராணுவமும் இப்போது மகன் சேரும் ராணுவமும் நிபந்தனைகளில் ஒன்றல்ல. அப்பா 15, 17 ஆண்டு பணியாற்றி ஓய்வூதியத்தோடு வந்தார், கேன்டீன் கார்டு இருந்தது, ராணுவ மருத்துவமனை இருந்தது. 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு சேரும் எல்லாச் சிப்பாய்களும் முதலில் 4 ஆண்டு அக்னிவீர்கள்தான். பயிற்சிக் காலமும் அந்த 4 ஆண்டுக்குள்ளேயே அடக்கம்.

சரி, உள்ளே நுழையும் வாசலிலிருந்து ஒப்பிடுவோம்.

உயரத்தைத்தான் முதலில் அளந்து பார்க்க வேண்டும். தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களுக்கு அக்னிவீர் ஜிடியில் 166 செ.மீ., மார்பளவு 77, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதப் படைகளுக்கு எஸ்எஸ்சி நடத்தும் கான்ஸ்டபிள் ஜிடி தேர்வில் ஆண்களுக்குப் பொதுவாக 170 செ.மீ., பழங்குடியினருக்கு 162.5. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்விலும் 170, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167. அதாவது 167, 168 செ.மீ. இருக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பையனுக்கு இந்த மூன்றில் திறந்திருப்பது ராணுவம் ஒன்றுதான். இதை அளந்து பார்க்காமல் இரண்டு ஆண்டு எஸ்எஸ்சி கோச்சிங்குக்குப் பணம் கட்டி, எழுத்துத் தேர்வில் தேறி, உயரம் அளக்கும் இடத்தில் வெளியே வருகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கவே மனது வலிக்கும். அளவு எடுக்கும்போது சுவரில் குதிகால் ஒட்டி, வெறுங்காலில், இன்னொருவரை வைத்து எடுங்கள்.

அடுத்தது வயது. அக்னிபத் வந்தபோது 17½ முதல் 21 என்று வைத்தார்கள். கொரோனாவால் ஆள்சேர்ப்பு நின்றிருந்ததால் அந்த முதல் ஆண்டுக்கு மட்டும் 23 வரை அனுமதித்தார்கள். எந்தத் தேதிக்குள் பிறந்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் ஆண்டு அறிவிப்பும் சொல்லும், அதைப் பார்த்துதான் கணக்குப் போட வேண்டும். இதில் சாதிவாரித் தளர்வு கிடையாது. எஸ்எஸ்சி ஜிடியில் 18 முதல் 23, ஓபிசிக்கு 3 ஆண்டும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 5 ஆண்டும் கூடுதல். மாநிலக் காவலில் பொதுப் பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 31. ஆக, முதலில் மூடும் கதவு ராணுவம், கடைசியில் மூடும் கதவு காவல்துறை. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஊருக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று முதலில் பிசி எழுதி, பிறகு எஸ்எஸ்சி எழுதி, எதுவும் அமையாத பிறகு ராணுவத்தை நினைக்கும்போது வயது தாண்டியிருக்கும்.

ஓட்டத்துக்கு வருவோம். மூன்றிலும் ஓட வேண்டும் என்பதால் ஒரே பயிற்சி போதும் என்று நினைப்பது பெரிய தவறு. ராணுவத்தில் 1.6 கி.மீ. தூரத்தை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 400 மீட்டர் டிராக்கில் நான்கு சுற்று, ஒவ்வொன்றும் 82 நொடி. இது வேகத்தின் சோதனை. 5.30-ஐத் தாண்டினால் மதிப்பெண் இறங்கத் தொடங்கும். அப்புறம் பீம். 10 புல்-அப் எடுத்தால் 40 மதிப்பெண், 6 எடுத்தால் 16 மட்டுமே. 9 அடிப் பள்ளம் தாண்டுவதும், வளைந்து செல்லும் மரச்சட்டத்தில் விழாமல் நடப்பதும் தேறினால் போதும், மதிப்பெண் இல்லை. மத்தியப் படையில் ஆண்களுக்கு 5 கி.மீ., 24 நிமிடம். ஒரு சுற்றுக்கு 115 நொடி. இது தாக்குப்பிடிக்கும் சோதனை, அதுவும் தேறினால் போதும். முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் தரவரிசை மாறாது, அங்கே எல்லாம் எழுத்துத் தேர்வுதான். காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடினால் அடுத்த கட்டம். மதிப்பெண் வருவது கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம் ஆகியவற்றில் எடுக்கும் ஸ்டாரிலிருந்து.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. உடம்பில் வேகமும் கையில் வலுவும் இருந்து, படிப்பு சுமாராக இருப்பவருக்கு ராணுவத் தேர்வுதான் அவருடைய பலத்துக்கு மதிப்பெண் கொடுக்கிறது. படிப்பில் நல்ல வேகம் இருந்து, ஓட்டம் சராசரியாக இருப்பவருக்கு எஸ்எஸ்சி ஜிடிதான் பொருத்தம். ராணுவ வேகத்துக்குப் பயிற்சி எடுத்தவருக்குக் காவலர் தேர்வின் 1,500 மீட்டர் சிரமமே இல்லை. ஆனால் 5 கி.மீ.யை அவர் தனியாகப் பழக வேண்டும், கயிறும் தனியாகப் பழக வேண்டும்.

எழுத்துத் தேர்விலும் வித்தியாசம் உண்டு. முன்பெல்லாம் ராணுவத்தில் முதலில் ரேலி எனும் ஆள்சேர்ப்பு முகாம், மைதானத்தில் தேறியவர்களுக்குத்தான் எழுத்துத் தேர்வு. 2023-ல் அதை மாற்றி, கணினி வழிப் பொது நுழைவுத் தேர்வை முதலில் வைத்தார்கள். ஜிடிக்கு 50 கேள்வி, 100 மதிப்பெண், ஒரு மணி நேரம். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். பொது அறிவு, அறிவியல், கணக்கு, தர்க்கம். ஆங்கிலத்துக்கென்று தனிப் பகுதி இல்லை. தமிழிலும் எழுதலாம். எஸ்எஸ்சி ஜிடியில் 80 கேள்வி, 160 மதிப்பெண், அதே ஒரு மணி நேரம். 2023 ஏப்ரலில் மத்திய உள்துறை எடுத்த முடிவால் 2024 முதல் அதையும் தமிழில் எழுத முடிகிறது. ஆனால் நான்கில் ஒரு பகுதி ஆங்கிலம் அல்லது இந்தி. தமிழ் வழியில் படித்தவர்கள் தடுமாறுவது அந்த 20 கேள்வியில்தான். காவலர் தேர்வில் தமிழ்த் தகுதித் தேர்வு உண்டு, நம் பையன்களுக்கு அது பிரச்சினை இல்லை. கல்வித் தகுதி மூன்றுக்கும் பத்தாம் வகுப்புதான். ஆனால் அக்னிவீர் ஜிடிக்குத் தேர்ச்சி மட்டும் போதாது, மொத்தத்தில் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் இருக்க வேண்டும்.

இனி சம்பளம். வீட்டில் முதலில் கேட்பதும் இதைத்தான்.

அக்னிவீருக்கு முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், கையில் 21,000. மீதி 9,000 சேவா நிதிக்குப் போகும். இரண்டாம் ஆண்டு 33,000, மூன்றாம் ஆண்டு 36,500, நான்காம் ஆண்டு 40,000. ஒவ்வோர் ஆண்டும் 30 சதவீதம் பிடித்தம், அதே அளவு பணத்தை அரசும் போடும். 4 ஆண்டு முடிவில் இரண்டும் சேர்ந்து 10.04 லட்சம், வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல் கைக்கு வரும். மாதாமாதம் கையில் வாங்கியதைக் கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே 11.7 லட்சம்தான். ஆக 4 ஆண்டில் மொத்தம் 23 லட்சத்துக்குச் சற்று மேல். களத்தில் இருக்கும்போது அபாயப் படி போன்றவை தனி. சாப்பாடு, தங்குமிடம், சீருடைக்குச் செலவில்லை என்பதால் 19 வயதில் இது பெரிய பணம். ஆனால் இதில் அகவிலைப்படி இல்லை.

மத்தியப் படைக் கான்ஸ்டபிளின் அடிப்படைச் சம்பளம் 21,700. மாநிலக் காவலருக்கு 18,200. பார்க்கக் குறைவாகத் தெரியும். ஆனால் அகவிலைப்படி 2024-லேயே 50 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. 21,700-க்கு அந்த 50 சதவீதம் மட்டும் சேர்த்தாலே 32,550, அதற்கு மேல் மற்ற படிகள். ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வு, ஊதியக் குழு வரும்போது ஒரு தாவல், பதவி உயர்வு, 60 வயது வரை வேலை. ஓய்வூதியம் பழைய முறையில் இல்லை, பங்களிப்பு முறையில்தான். இருந்தாலும் ஓய்வுக்கால வருமானம் என்று ஒன்று இருக்கிறது. முதல் 4 ஆண்டை மட்டும் பார்த்தால் அக்னிவீரும் கான்ஸ்டபிளும் ஏறத்தாழ சமம். ஐந்தாவது ஆண்டிலிருந்துதான் இருவர் பாதையும் பிரிகிறது.

அந்த ஐந்தாவது ஆண்டைப் பற்றி யாரும் பையன்களிடம் விவரமாகப் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

4 ஆண்டு முடித்தவர்களில் 25 சதவீதம் வரை ராணுவம் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளும். அவர்கள் மேலும் குறைந்தது 15 ஆண்டு பணியாற்றுவார்கள். அக்னிவீராக இருந்த 4 ஆண்டு ஓய்வூதியக் கணக்கில் சேராது. மற்ற 75 சதவீதம் பேர் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது. கேன்டீன், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இரண்டும் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியே இல்லை என்று விதிமுறை சொல்கிறது. நம் ஊரில் இது முக்கியமான விஷயம். காவலர் தேர்வில் முன்னாள் படைவீரருக்கு 5 சதவீத இடமும் 47 வயது வரை தளர்வும் உண்டு. அப்பா காலத்தில் மிலிட்டரியிலிருந்து வந்தவர்கள் போலீஸில் சேர்ந்த வழி அதுதான். அந்த வழி அக்னிவீருக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

அவர்களுக்கென்று 2022-ல் அறிவித்தவை வேறு. மத்திய ஆயுதப் படைகளிலும் அசாம் ரைஃபிள்ஸிலும் 10 சதவீத ஒதுக்கீடு, வயது வரம்பில் 3 ஆண்டுத் தளர்வு, முதல் அணிக்கு 5 ஆண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தின் வேலைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் 10 சதவீதம். இதில் தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, வெலிங்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை எல்லாம் 2021-லிருந்து பொதுத்துறை நிறுவனங்களின் கீழ்தான் இயங்குகின்றன. உத்தரப் பிரதேசம், ஹரியானா போன்ற மாநிலங்கள் தங்கள் காவல் பணியிலும் ஒதுக்கீடு அறிவித்திருக்கின்றன. ஆனால் ஒதுக்கீடு என்பது வேலை அல்ல. அந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். முதல் அணி 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனது, அவர்களுடைய 4 ஆண்டு முடிவது 2026 இறுதியையும் 2027 தொடக்கத்தையும் ஒட்டி. இந்த ஒதுக்கீடுகள் நடைமுறையில் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை அவர்கள் அனுபவம்தான் காட்டும்.

அதனால் நான் கேட்கும் கேள்வி இதுதான்: 23 வயதில் 11 லட்சத்தோடு ஊரில் வந்து இறங்குகிறீர்கள், அடுத்த மாதம் என்ன செய்வீர்கள்? "அப்போ பாத்துக்கலாம்" என்பவர் அக்னிவீரில் சேருவதற்கு முன் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு வீட்டில் ஏற்கெனவே கணக்கு எழுதியிருப்பார்கள். தங்கை கல்யாணம், பழைய கடன், வீட்டுக்கு மேல் ஒரு மாடி. ஓராண்டில் கரைந்துவிடும். படிப்பைத் தொடர்ந்தவருக்கு நிலைமை வேறு. பத்தாவதோடு சேர்ந்தவர் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் பெற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும், பட்டம் பெற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகவும் ஏற்பாடு உண்டு. பட்டத்துக்கான புள்ளிகளில் பாதியை ராணுவப் பயிற்சியே ஈடுசெய்யும். 23 வயதில் கையில் பட்டமும் 4 ஆண்டு ஒழுங்கும் இருந்தால் எஸ்ஐ தேர்வு, டிஎன்பிஎஸ்சி, சிடிஎஸ் வழியாக அதிகாரியாவது என எல்லாமே எட்டும் தூரத்தில் இருக்கும். சேரும் அன்றே இந்தப் படிப்பைத் தொடங்குவேன் என்று முடிவெடுத்தவருக்கு நான் தயங்காமல் அக்னிவீரைச் சொல்வேன்.

வேலையின் தன்மையையும் ஒப்பிட வேண்டும். காலாட்படை பட்டாலியன் எப்போதும் ஒன்றாகவே நகரும். சில ஆண்டு எல்லையில், சில ஆண்டு அமைதி நிலையத்தில். ஏறத்தாழ பத்துப் பேர் கொண்ட செக்‌ஷன்தான் உங்கள் வீடு. மெட்ராஸ் ரெஜிமென்டில் வீரர்களைத் தம்பி என்றே அழைப்பது வழக்கம், அந்தப் பிணைப்பு வேறெங்கும் கிடைக்காது என்பார்கள் இருந்து வந்தவர்கள். பதுங்குகுழி, ரோந்து, பனி, முதுகில் சுமையோடு 5 கி.மீ. ஓட்டம் என்று உடம்பை முழுமையாகக் கேட்கும் வேலை. விடுமுறை அக்னிவீருக்கு ஆண்டுக்கு 30 நாள்தான், வழக்கமான சிப்பாய்க்கு 90 நாள் வரை உண்டு. ஜம்மு பக்கமிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் கன்னியாகுமரி வர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். போக வர எத்தனை நாள் போகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மத்தியப் படை என்றால் ராணுவத்தைவிட வசதியானது என்று ஓர் எண்ணம் ஓடுகிறது. எந்தப் படை என்பதைப் பொறுத்தது அது. சிஐஎஸ்எஃபில் விமான நிலையம், கல்பாக்கம், நெய்வேலி என்று ஊர்ப்பக்கம் கிடைக்க வாய்ப்புண்டு. அதனால்தான் விருப்ப வரிசையில் பலரும் அதை முதலில் போடுகிறார்கள். சிஆர்பிஎஃப் என்றால் சத்தீஸ்கர் காடும் காஷ்மீரும், பிஎஸ்எஃப் என்றால் பாகிஸ்தான், வங்கதேச எல்லை, ஐடிபிபி என்றால் லடாக்கிலும் அருணாசலிலும் சீன எல்லை. ஆபத்தில் இவை காலாட்படைக்குக் குறைந்தவை அல்ல. 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் உயிர்நீத்த 40 பேர் சிஆர்பிஎஃப் வீரர்கள். விருப்ப வரிசையை யாரோ சொன்னபடி நிரப்பாதீர்கள், மதிப்பெண்ணையும் வரிசையையும் வைத்துத்தான் படை ஒதுக்குவார்கள்.

மாநிலக் காவலில் சேருகிறவர் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விடுவதில்லை. ஆயுதப்படையிலோ, மணிமுத்தாறு, பழனி, ஆவடி போன்ற சிறப்புக் காவல் பட்டாலியன்களிலோ சில ஆண்டு இருக்க வேண்டும். பந்தோபஸ்து, திருவிழா, தேர்தல் என்று நாள் முழுக்க நிற்கும் வேலை. ஆனால் தமிழ்நாட்டுக்குள்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றிரவே பஸ் ஏறி வந்துவிடலாம். சிலருக்கு அந்த ஒன்றே போதும், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

பெற்றோர் கேட்கத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பணியில் அக்னிவீர் இறந்தால் குடும்பத்துக்கு 48 லட்சம் காப்பீடு, பணியின் காரணமாக நேர்ந்தது என்றால் 44 லட்சம் கருணைத்தொகை, மீதமுள்ள காலத்துக்கான சம்பளம், சேவா நிதி எல்லாம் வரும். ஆனால் மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் இல்லை. ஊனமுற்றால் 100, 75, 50 சதவீதம் என்ற அளவுக்கு ஏற்ப 44, 25, 15 லட்சம். நிரந்தரச் சிப்பாய்க்கும் அக்னிவீருக்கும் ஆபத்து ஒன்றுதான், பின்னால் வரும் பாதுகாப்பு ஒன்றல்ல. 2024 ஜூலையில் நாடாளுமன்றத்திலேயே இது பெரிய விவாதமானது. இது மாற வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் மாறும் என்று நம்பி முடிவெடுக்க முடியாது, இன்றைய விதியை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

திருமணமாகாதவர்கள் மட்டுமே அக்னிவீருக்கு விண்ணப்பிக்கலாம், 4 ஆண்டும் திருமணம் செய்ய முடியாது. பெண்களுக்கு இந்தியக் காலாட்படை இன்னும் திறக்கவில்லை. ராணுவக் காவல் பிரிவில் மட்டும் அக்னிவீராகச் சேரலாம். மத்தியப் படையிலும் மாநிலக் காவலிலும் இடம் அதிகம், பெண்களுக்கு நான் அவற்றையே முதலில் சொல்வேன்.

எந்த வரிசையில் எழுதுவது? உயரம் 170-க்குக் குறைவு, வயது 20-க்குள், ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், அக்னிவீர்தான். அதோடு தொலைநிலைப் படிப்பு. உயரமும் இருக்கிறது, வீட்டில் மூத்த மகன், அப்பாவால் வேலைக்குப் போக முடியவில்லை, தங்கைகள் இருக்கிறார்கள் என்றால் எஸ்எஸ்சி ஜிடிக்கு முழு மூச்சாகப் படியுங்கள், அக்னிவீரை வயது இருக்கும்வரை கூடவே எழுதுங்கள், ஆனால் இரண்டும் கிடைத்தால் கான்ஸ்டபிள் வேலையை எடுங்கள். ராணுவம்தான் வேண்டும் என்று மனம் துடிக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு 60 வயது வரை வரும் சம்பளம் தேவை. வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்கிறார், அல்லது நிலம் இருக்கிறது, நான்கு ஆண்டு கழித்து வந்தாலும் தாங்கும் என்றால் மனம் சொல்கிறபடி காலாட்படைக்குப் போகலாம். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் இருப்பவர் இந்த மூன்றுக்கும் முன்னால், ராணுவ அதிகாரியாவதற்கான என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வை ஒரு முறையாவது எழுதிப் பார்க்க வேண்டும். நம் பக்கம் அதைப் பற்றிச் சொல்லவே ஆளில்லை.

எதை எழுதினாலும் மெடிக்கலை மறக்காதீர்கள். தட்டைப் பாதம், முட்டி ஒட்டுதல், நரம்புச் சுருட்டல், சொத்தைப் பல், காது அழுக்கு, நிறம் பிரித்தறிவதில் குறை. இதில் பாதியை முன்கூட்டியே அரசு மருத்துவமனையில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம். பச்சை குத்துவதாக இருந்தால் விட்டுவிடுங்கள். முழங்கை முதல் மணிக்கட்டு வரை உட்புறம் என்று ஓரிரு இடத்தில் மட்டுமே ராணுவம் ஏற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ராணுவத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய், எஸ்எஸ்சிக்கு 100. அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்கிறவர் யாராக இருந்தாலும், மிலிட்டரியில் ஆள் இருக்கிறது என்று சொன்னாலும், அவர் புரோக்கர்தான். சந்தேகம் இருந்தால் சென்னை, கோயம்புத்தூர், திருச்சியில் இருக்கும் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் நேரே போய்க் கேட்கலாம்.

வயது தாண்டியவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்குப் பிராந்திய ராணுவம் இருக்கிறது. 18 முதல் 42 வயது வரை, உயரம் 160 செ.மீ. போதும். கோயம்புத்தூரில் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சார்ந்த 110-ஆவது காலாட்படை பட்டாலியன், திருச்சியில் கார்ட்ஸ் எனும் இன்னொரு காலாட்படை ரெஜிமென்டைச் சார்ந்த 117-ஆவது பட்டாலியன். இது முழுநேர வேலை அல்ல, வேறு தொழிலோ வருமானமோ இருப்பவர்களுக்கானது. ஆண்டுக்கு இரண்டு மாதம் பயிற்சி, தேவைப்பட்டால் பணிக்கு அழைப்பார்கள், பணியில் இருக்கும் நாளுக்குச் சம்பளம். குடும்பத்தைக் காப்பாற்றும் வேலையாக இதை எண்ணிப் போகக் கூடாது. ஆனால் 28 வயதில் ஒரு கடையோ கம்பெனி வேலையோ வைத்துக்கொண்டு, மெட்ராஸ் ரெஜிமென்டின் சீருடையை ஒரு முறையாவது போட வேண்டும் என்று இன்னும் நினைக்கிறவருக்கு, கோயம்புத்தூரில் அடுத்த ரேலி அறிவிக்கும்போது ஓடிப் பார்க்க எந்தத் தடையும் இல்லை.